சொல்தாவின் வேனுக்கு மணல் மூட்டை வைத்த கதை

வேனுக்கு பாடி கட்டிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: இரும்புக்கு எடை உண்டு, பலகைக்கு எடை உண்டு, வண்டிக்காரர் ஆசைப்பட்டு ஏற்றுகிற சாமானுக்கு மட்டும் எடையே கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் வில்லியனூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. ஒதியம்பட்டிலிருந்து சவரிநாதன் ஒரு பழைய வேனை ஓட்டி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் மனைவி ஆரோக்கியமேரிக்கு இடுப்பில் கோளாறு, சேர்ந்தாற்போல் அரை மணி உட்கார முடியாது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, பஸ் ஏற வழியில்லாமல் மூன்று வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தார். திருவிழாக் கொடியேற்றத்துக்குள் வேனில் கட்டில், அடுப்பு, தண்ணீர் எல்லாம் வைத்து ஒரு வீடாக்க வேண்டும். அந்த அம்மாளுக்காக என்றதும் மனசார ஒப்புக்கொண்டேன்.

கேப்டன் பிளான்

சொல்தா ஒரு பிளான் நீட்டினார். பிரான்சில் அவருடைய கேப்டன் வைத்திருந்த வீட்டு வண்டியைப் பார்த்து வரைந்தது. அடுப்பு மேடை, இரும்பு பீரோ, தண்ணீர் டிரம் எல்லாம் வலது பக்கம். அந்த நாட்டில் டிரைவர் இடது பக்கம் உட்காருகிறார். அவருக்கு ஈடாகக் கனத்தை வலது பக்கம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வேனில் டிரைவரே வலது பக்கம். அதிலும் ஓட்டப்போவது சொல்தா. அவர் ஏறினாலே வேன் ஒருதரம் முனகும். கனத்தையெல்லாம் இடது பக்கம் மாற்றிவிடலாம் முசியே என்று, பிரெஞ்சில் ஐயா போட்டே சொன்னேன். பிளானை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"கேப்டனுக்குத் தெரியாதது வில்லியனூர் மேஸ்திரிக்குத் தெரிஞ்சிட்டுதா? பிளான்ல இன்னா கீதோ அத செய்பா!"

ஒரு விரல்

செய்தேன். வலது பக்கம் டயரும் மட்கார்டும் உரச ஆரம்பித்தன. உடனே டிரம்மை மட்டும் பின் கதவோரம், அதாவது பின் சக்கரத்துக்கும் பின்னால், தள்ளச் சொன்னார். இருநூறு லிட்டர் தண்ணீர் என்றால் இருநூறு கிலோ என்றேன். தண்ணீர்தானே என்றார்.

டிரம்மை நிரப்பியதும் வேனின் மூக்கு மேலே எழும்பிவிட்டது. பாகூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முன் சக்கரம் தரையில் சரியாகப் பதியவே இல்லை. வளைவில் அவர் திருப்பத் திருப்ப, வண்டி நேராக வயலுக்குள் போய் வரப்பில் முட்டி நின்றது. பின்னால் கட்டிலில் அந்த அம்மாள் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொல்தாவுக்கோ ஒரே குஷி.

"ஸ்டியரிங் எவ்ளோ லேசா கீது பாத்தியா? ஒரே விரல்ல சுத்துறேன்!"

மூட்டைகளின் குடித்தனம்

கோபத்தோடு எல்லாவற்றையும் கழற்றி இறக்கினேன். ஒவ்வொரு சாமானையும் நெல் மண்டித் தராசில் நிறுத்து, பட்டியல் எழுதி, அதே எடைக்கு மணல் மூட்டை கட்டினேன். டிரைவர் சீட்டில் சொல்தாவுக்கும் ஒரு மூட்டை, கொஞ்சம் தாராளமாக. மூட்டைகளை இங்கும் அங்கும் நகர்த்தி, நான்கு சக்கரத்துக்கு மேலும் மட்கார்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குச்சி வைத்து அளந்தேன். டிரம் பாதியாகச் சுருங்கி வண்டியின் நடுவுக்கு வந்தது. பீரோவும் அடுப்பும் இடது பக்கம் போயின. டீசல் டேங்க் வேறு வலது பக்கம் இருந்ததால் இடது பக்கம் இன்னும் கனம் கேட்டது. சொல்தாவின் யூனிபார்ம், பூட்ஸ், மெடல் எல்லாம் அடைத்த டிரங்குப் பெட்டியை இடது பக்கக் கட்டில் மேலேயே வைத்துக் கயிற்றால் இறுக்கினோம். நான்கு மூலையும் ஒரு நூல் பிசகவில்லை. வெல்டர் தனகோட்டி குனிந்து பார்த்துவிட்டு மலைத்துப்போனான்.

"அண்ணே, இதுக்கு மேல ஒரு துரும்பக்கூட நவுத்தாதீங்க!"

பட்டியலில் விட்டது

புறப்படுகிற அன்று காலை ஆரோக்கியமேரி அம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு, பீரோ, டிரம், கட்டில், கட்டில் மேல் டிரங்குப் பெட்டி. நான் எங்கே படுப்பது என்று கேட்டார். சொல்தா என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். கரண்டி வரைக்கும் எழுதியிருந்தேன். யாருக்காக வண்டி கட்டினோமோ அவர் அதில் இல்லை. வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

பெட்டியை இறக்கிவிட்டு அம்மாளைக் கட்டிலில் படுக்க வைத்தோம். மறுபடி குச்சி வைத்து அளந்தேன். வண்டி அதே மட்டத்தில் நின்றது. அந்த ஒல்லி உடம்பும் பெட்டியும் ஏறக்குறைய ஒரே எடை. சொல்தாவுக்குத்தான் பெட்டியை விட்டுப் பிரிய மனசில்லை, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்றார். உள்ளேயிருந்து அம்மாள் குரல் வந்தது.

"அது ஒங்க பட்டறையிலியே கெடக்கட்டும், மேஸ்திரி. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து வூட்ல அந்தப் பொட்டிக்குத்தான் எடம். இந்த ஒரு தபாவாச்சும் நான் படுத்துக்கினு போறேன்."

அதன் பிறகு யார் வேன் கொண்டுவந்தாலும், அவர் வீட்டுக்கார அம்மாளை ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஒரு மூட்டை மணல்கூடக் கட்டியதில்லை.