ஓரத்து நட்சத்திரம்

துவாலு நாட்டின் கொடி கிழிந்தால் அலியேட்டாவிடம்தான் வரும். தலைநகர்த் தீவான புனாபுட்டியில் தையல் மிஷின் வைத்திருந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் நட்சத்திரத்தின் முனை சுருங்காமல் தைக்க இவளுக்குத்தான் கை வரும். அந்த வெளிர்நீலத் துணியை விரித்துவிட்டால் போதும், காயலே மடியில் வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருக்கும் அவளுக்கு. பிறகு கூப்பிட்டாலும் காது கேட்காது. ஒன்பது தீவுக்கு ஒன்பது மஞ்சள் நட்சத்திரங்கள், கடலில் கிடக்கிற வரிசையிலேயே. ஓரத்தில் தனியாக நிற்பது நியுலகீட்டா. அவள் பிறந்த இடம். காற்றில் முதலில் நைந்துபோவதும் அந்த ஓரம்தான்.

விரல்விட்டு எண்ணிவிடலாம் அங்கே உள்ள வீடுகளை. கப்பல் எப்போதாவது போகும். இருபது வருஷமாக அவள் போகவில்லை. அந்த நட்சத்திரத்தைத் தைக்கும்போது மட்டும் பறவைகள் இரையும் அந்தக் கரையில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவாள்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நாட்டின் பெயருக்கே எட்டுப் பேர் சேர்ந்து நிற்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆகவே கொடியிலும் எட்டே போதுமாம். புதுத் துணி இன்னும் கப்பலில் வரவில்லை. பழைய கொடியை போலீஸ்காரன் மலாக்கி கொண்டுவந்து கொடுத்தான்.

“எதைப் பிரிக்கணும்?”

“எட்டுன்னுதான் போட்டிருக்கு, அக்கா. எதுன்னு போடலை. இதுக்கு வேற காகிதம் வேணுமாக்கும்? உங்க தீவை யாரு கணக்கிலே சேர்த்தா? கேட்டா நியுதாவோ தீவிலேருந்து குடிவந்தவங்கன்னுதானே சொல்லிக்கிறீங்க!” சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கத்தரிக்கோலை ஓரத்து நட்சத்திரத்தில் வைத்தாள், கை ஓடவில்லை. காயலில் தண்ணீர் வடிகிற மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் சொருகியது. மடியில் ஒன்பது தீவுகளும் படகுகளைப் போல மெல்ல ஆடின. விழித்தபோது கத்தரிக்கோல் புனாபுட்டியின் நட்சத்திரத்தில் இருந்தது. இப்போது கை தயங்கவில்லை. தெரிந்தேதான் பிரித்தாள்.

அவள் குடியிருந்ததோ புனாபுட்டிக்காரர் லூசாமாவின் நிலத்தில். காகிதம் எதுவும் கிடையாது. ‘இருந்துக்கோ’ என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான். ‘கிளம்பு’ என்று இன்னொரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

சுதந்திர தினத்தன்று காலை கொடி ஏறியது. அவரவர் அண்ணாந்து அவரவர் தீவைத் தேடினார்கள். மலாக்கி தன் நனுமேயாவைக் கண்டுபிடித்து விறைப்பாக சல்யூட் அடித்தான். வைதுப்புப் பெண்கள் தங்களுடையதைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். புனாபுட்டிக்காரர்கள் மேலே பார்க்கவே இல்லை. சொந்த மண்ணில் நிற்பவர்களுக்கு அண்ணாந்து தேட என்ன இருக்கிறது? கிழவர் லூசாமா மட்டும் கண்ணுக்குமேல் கை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்து முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். அவள் தென்னம் பதநீர் கொடுத்தாள்.

“எட்டு சரியா இருக்கு, எண்ணிட்டேன். என்னோடதை எங்கேம்மா காணோம்?”

“நான்தான் பிரிச்சேன், பெரியவரே. உங்க தீவு உங்க காலடியிலே இருக்கு. எனக்கு அந்தத் துணியிலே மட்டும்தான் இருக்கு. போகச் சொன்னீங்கன்னா பாயைச் சுருட்டிக்கிறேன்.”

அவர் பதநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“எங்கே போவே? அங்கே போற கப்பலை நீயும் நானும் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?”

“உங்க ஆளுங்க கேட்டா?”

லூசாமா எழுந்தார். குதிகாலால் பவழ மணலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

“இந்தா இருக்குடான்னு காட்டறேன்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “இனிமே பிரிக்கறதா இருந்தா என்கிட்டே சொல்லிட்டுப் பிரி. அண்ணாந்து தேடித் தேடி கழுத்து வலிக்குது.”

அவர் தலை மறைந்ததும் அலியேட்டா மிஷின்மேல் கவிழ்ந்து அழுதாள்.