சட்டைப்பையில் ஒடிந்த கம்பி

எண்பதுகளின் நடுவில் நான் பார்த்த வேலையை எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. அணு உலைக்குள் கிடக்கும் உலோகம் எப்படி மூப்படைகிறது, உள்ளுக்குள் என்னென்ன பழுது சேர்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. விரல் நீளக் கம்பியை இயந்திரத்தில் மாட்டி, ஒடியும்வரை இழுப்போம். கதிர்பட்ட கம்பிகளை இயந்திரக் கைகள்தான் தொடும். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். கதிர்வீச்சு படாத வெறும் கம்பிகளை மட்டுமே நான் கையால் எடுப்பேன்.

இதை நம்பாமல்தான் என் மனைவி கன்னிவாடியில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். இரண்டு முறை கரு கலைந்திருந்தது. காரணம் தெரியவில்லை என்று திண்டுக்கல் டாக்டரம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோருக்கும் காரணம் நான்தான். சில நாள் எனக்கே அப்படித் தோன்றும்.

அவளை அழைத்துவரப் போனேன். பூவும் பழமும் வாங்கியவன், சோதித்து முடித்த வெறும் கம்பியின் இரண்டு துண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நான் தொடுவது இதைத்தான் என்று காட்டிவிட்டால் போதும் என நினைத்த புத்திசாலி நான்.

பழத்தட்டின் ஓரத்தில் துண்டுகளை வைத்ததுமே மாமியார் முகம் சுண்டிப்போனது. பெண்ணைக் கூப்பிட வந்தவன் தட்டில் ஒடிந்த பொருளை வைப்பானா? மாமனார் மட்டும் பொறுமையாக விசாரித்தார். நானும் வாத்தியார் கணக்காக விளக்கினேன்: கதிர்பட்டால் இரும்பு இறுகிவிடும், பிறகு வளையாமல் பட்டென்று ஒடியும், அதற்குத்தான் இந்தச் சோதனை.

அவர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார்.

"இரும்புக்கே இந்தக் கதின்னா, எம்மக வயித்துக்கு என்ன மாப்ள கதி?"

நான் தொடுவது வெறும் கம்பி மட்டும்தான் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவள் வந்து தட்டிலிருந்து துண்டுகளை எடுத்தாள். ஒடிந்த முனையோடு ஒடிந்த முனையைப் பொருத்திப் பார்க்கப் போனாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்யவே கூடாது. உரசினால், எப்படி ஒடிந்தது என்ற தடயம் அழிந்துவிடும். இந்தத் துண்டுகளில் இனிப் பார்க்க ஒன்றுமில்லைதான். ஆனாலும் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சேக்காத. சேத்தா கெட்டுப்போகும்."

அவள் கை நின்றது. கம்பியைத்தான் சொன்னேன் என்று நான் வாயெடுப்பதற்குள், துண்டுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரிங்க. சேக்கல," என்றாள்.

அப்புறம் அவள் என் வீட்டுக்கு வரவே இல்லை. அன்று திண்டுக்கல் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அப்போதும், பாழாய்ப்போன பழக்கம், இரண்டு துண்டுகளையும் உரசாமல் தனித்தனிப் பையில் போட்டிருந்தேன்.