கொடியில் கோணலாய்த் தொங்கிய சேட்டு

எனக்குக் கல்யாணம் முடிந்து வந்த முதல் நோன்புப் பெருநாள் அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். முதல் பெருநாள் உடுப்பும் பெண் வீட்டார்தான் கொடுக்க வேண்டும். பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் ஊர்க் கண்ணெல்லாம் புது மாப்பிள்ளையின் உடுப்பில்தான் நிற்கும்.

வாப்பா மருதமுனைக்குச் சைக்கிளில் போய், நீலத்தில் வெள்ளைக் கோடு விழுந்த கைத்தறிச் சட்டைத் துணி வாங்கி வந்தார்.

"மருமகனுக்கு நீயே சேட்டுத் தைச்சிக் குடு மகள்" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் தையல் கைக்கு வரும். கைத்தறி முதல் தண்ணீரில் சுருங்கும் என்று, வெட்டுவதற்கு முன்பே நனைத்து நிழலில் உலர்த்தினேன். அளவு எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. என் மாப்பிள்ளையின் முகம் பார்த்துக் கதைக்கவே எனக்கு வெட்கம்.

"உண்ட புரிசன்தானேகா, கடிச்சித் தின்னவா போறாரு? நாடாவக் கொண்டு போ" என்று என் கூடப்பிறந்த ராத்தா விரட்டினார்.

நான் போகவில்லை. கொடியில் கிடந்த அவருடைய பழைய வெள்ளைச் சேட்டை எடுத்துப் பாயில் விரித்து, அதை அளந்து வெட்டினேன். பையில் விழும் கோடு நெஞ்சில் விழும் கோட்டோடு ஒட்டி ஓட வேண்டும் என்று இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். உள்பக்கம் ஒரு பிசிர் தெரியாமல் மடித்து அடித்தேன். உம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "எது உள், எது வெளி எண்டு தெரியல்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கடைசி நோன்பு அன்று, மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து அவர் போட்டுப் பார்த்தார். அன்று பிறை தெரிந்தால் விடியப் பெருநாள்.

கோடுகளெல்லாம் வலது பக்கம் சாய்ந்தன. கழுத்திலிருந்து வலது அக்குள் வரை ஒரு சுருக்கம் விழுந்தது. கீழ்விளிம்பும் அந்தப் பக்கம் இறங்கி நின்றது.

"என்னகா, மாப்புள காத்துக்குச் சரிஞ்ச தென்னை மாதிரி நிக்காரு!" ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. அறைக்குள் போனவர், திரைக்கு உள்ளே நின்று சொன்னார்.

"சின்ன வயசில இருந்து நெல்லடிக்கிற களவெட்டியில மூட தூக்கின தோள். ஒரு பக்கம் இறங்கிட்டு. வெள்ளச் சேட்டுல தெரியாது. கோடு காட்டிக் குடுத்திட்டு." கொஞ்சம் பொறுத்து, "நான் நாளைக்குப் பழசையே போடுறன். மாமாட்ட நீங்க ஒண்டும் சொல்லாதீங்க" என்றார்.

வாப்பா வாங்கிய துணியை விட்டுவிட்டுப் பழையதோடு போனால், வாப்பாவின் முகம் வாடும். இதைப் போட்டுப் போனால் இவர் ஊர் நடுவே தலை குனிவார். நான் திரையை விலக்கி உள்ளே போனேன்.

"கழட்டாதீங்க. கொஞ்சம் நில்லுங்க."

அவரிடம் நானாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். இறங்கிய தோளில் கையை வைத்தேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கழுத்தருகில் ஒன்றும் இல்லை, தோளின் நுனிக்குப் போகப் போகத் துணி மிஞ்சியது. மிஞ்சியதைக் கிள்ளிப் பிடித்து ஊசி குத்தினேன். கோடு மெதுவாக நிமிர்ந்தது.

"நோகுதா?" என்றேன்.

"இல்ல. இப்பதான் அளவெடுக்க வந்தீங்களா" என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார்.

அவர் கழற்றித் தந்த சேட்டின் வலது கையைப் பிரித்தேன். தோள் தையலைச் சரித்து உள்ளே பிடித்து, அதே அளவுக்கு அக்குளை இறக்கி வெட்டி, கையைத் திரும்ப ஏற்றினேன். நோன்பு திறக்க முன்பே மெசினை மூடிவிட்டேன். பிறையும் தெரிந்தது.

பெருநாள் காலையில் வாப்பாவின் பக்கத்தில் அவர் நடந்து போனதை வேலி இடுக்கால் பார்த்தேன். கோடுகள் நேராகப் போயின.

மறுநாள் துவைத்துக் கொடியில் போட்டிருந்த சேட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தாத்தா என்னைக் கூப்பிட்டார்.

"என்ன புள்ள, இவ்வளவு நல்ல துணிய ஒரு தோள் கோணலாத் தைச்சி வெச்சிரிக்கிறாய்?"

என் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்குள் இருந்தார். உள்ளே இருந்து அவர் குரல் வந்தது.

"அது கோணல் இல்ல தாத்தா. என்ட அளவு அப்படித்தான்."