மோப்பம் பார்த்த வண்டி

பட்டறையில் அவரை மோப்பம் என்றுதான் கூப்பிட்டார்கள். கிளச் மிதி இல்லாத, தானாகவே கியர் மாறும் வண்டிகள்தான் அவர் வேலை. அவற்றில் இஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய்தான் சேர்த்துவைக்கிறது. மூடிய கிண்ணத்துக்குள் ஒரு விசிறி சிவப்பு எண்ணெயை வாரி அடிக்க, எதிரே இருக்கும் விசிறி அந்த வேகத்தில் சுழலும். அதே எண்ணெய் சந்துபொந்தெல்லாம் ஓடி, எந்த கியருக்கு எந்த கிளச் தட்டுகள் வேண்டுமோ அவற்றை நெருக்கிப் பிடிக்கும். பிடி தளர்ந்தால் தட்டுகள் வழுக்கும், உரசிக் கருகும். கருகல் எண்ணெயில் ஏறிவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே ஒரு முறை காட்டினால் போதும், வண்டியின் வயிற்றில் இருப்பதைச் சொல்லிவிடுவார்.

"இவனுக்கு மட்டும் வால் இருந்தா போலீஸ்ல சேத்திருப்பாங்க" என்பார் முதலாளி.

அந்த மூக்கு செத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார், பிறகு நிறத்தைப் பார்த்துச் சொல்வார். சிவப்பு என்றால் நல்லது. பழுப்பு என்றால் கெட்டது. இதுவரை நிறம் காலை வாரவில்லை. வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மூக்கை எங்கயாவது கழட்டி வச்சுட்டீங்களா?" என்றாள் மனைவி. சிரித்து மழுப்பினார்.

அன்று காலை தங்கையும் அவள் கணவரும் வண்டியோடு பட்டறைக்கு வந்தார்கள். தங்கைக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மறுபடி இப்போதுதான் தரித்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள டாக்டர் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார். உடம்பு குலுங்கக் கூடாது என்பதற்காகவே மாப்பிள்ளை இந்தப் பழைய ஆட்டோமேட்டிக்கைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார்.

"மலை ஏறுமா மச்சான்? ஒரு தடவை மோந்து பாத்துச் சொல்லிடுங்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுறோம்."

இஞ்சினை ஓடவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினார். புதுத் துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்தார். மாதுளை முத்து மாதிரிச் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனார். வெறும் காற்று. தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

"என்னமோ கருகுதுண்ணா."

"இவளுக்குக் குளிக்கிற சோப்பே கருகுது மச்சான். மசக்கை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எல்லோர் கண்ணும் அவர் மூக்கின்மேல் இருந்தது.

"எண்ணெய் சுத்தமா இருக்கு. தைரியமாப் போங்க. ஓட்டும்போது மட்டும் போனைத் தொடாதீங்க."

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்னத்தைத் தீய்ச்சீங்க? தாங்கல. உவ்வே."

"எங்கேர்ந்து வருது?"

"உங்க மேலேர்ந்துதான். தெரியலையா?"

அவர் பாக்கெட்டில் விரலை விட்டு, டிப்ஸ்டிக் துடைத்த துணியை நுனியில் பிடித்து இழுத்து வெளியே எறிந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தத் துணி அன்று தொட்டது ஒரே ஒரு வண்டியைத்தான்.

வண்டியை விற்றவன் கியர்பெட்டியின் அடித்தட்டைத் திறந்து, பழசை இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றியிருக்கிறான். கிண்ணத்துக்குள் தேங்கிய பழசு அப்படி வெளியே வராது. புதுசோடு கலந்தால் நிறம் தெளியும், வாடை போகாது. இதைப் பட்டறையில் எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது தொடாதீர்கள் என்று சொன்னது அவரேதான். தங்கையின் போன் அணைந்திருந்தது.

"சாப்பிடாம எங்க ஓடுறீங்க?"

"எனக்கு வாசனை தெரியலடி. ரொம்ப நாளா."

சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

வழியெல்லாம் அந்தக் கியர்பெட்டி அவர் தலைக்குள் ஓடியது. ஏற்றத்தில் எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் இளகும், இளகினால் அழுத்தம் குறையும். தட்டுகள் வழுக்கும். இஞ்சின் அலறும், வண்டி நகராது. மாப்பிள்ளை இன்னும் மிதிப்பார். பிறகு வண்டி பின்னால் உருளும். பின்னால் லாரி வரும். அல்லது வளைவில் தடுப்புச்சுவர் இருக்காது. ஒவ்வொரு வெள்ளை வண்டியும் அதுவாகத் தெரிந்து, கிட்டே போனதும் வேறாகியது.

அடிவாரத்தில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் அது நின்றிருந்தது. தங்கை சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் தலையைப் பிடித்திருந்தார்.

"மச்சான்! நீங்க எங்க இங்க?"

"வண்டிய எடுக்காதீங்க. கியர்பெட்டி கருகியிருக்கு."

"காலைல நீங்கதானே நல்லாருக்குன்னீங்க?"

"எனக்கு வாசனை தெரியாது. அந்தக் காய்ச்சலுக்கப்புறம் ஒண்ணுமே தெரியல."

"அப்ப கண்ண மூடி மோந்தீங்களே?"

"சும்மா."

தங்கை வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கருகுது கருகுதுன்னு காலைலேர்ந்து தொண்ட கிழியச் சொல்றேன். ஒருத்தர் மசக்கைங்கிறார். இன்னொருத்தர் சிரிக்கிறார். ஆளுக்கொரு மூக்கு வச்சிருக்கீங்க, எதுக்கு?"

பிறகு அண்ணன் பக்கம் திரும்பியபோது அவள் குரல் தணிந்தது.

"பட்டறைல தெரியுமா?"

"இல்ல."

"நாளைக்குச் சொல்லிடு. சொல்லலைன்னா நானே வந்து சொல்லுவேன்."

தலையாட்டினார்.

டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த வழியாக வந்த வாடகை வண்டியை மாப்பிள்ளை கைகாட்டி நிறுத்தினார். கிளச் மிதித்து கியர் போடும் வண்டி. தங்கையும் மாப்பிள்ளையும் ஏறியதும் அண்ணன் ஓட்டுநரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"கிளச்ச மெதுவா விடுங்க. உள்ள புள்ளத்தாச்சி."

"நம்ம வீட்டுலயும் இருக்காங்க சார். கைய எடுங்க, போகட்டும்."

கையை எடுத்தார். வண்டி ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் பின்கண்ணாடிக்குள் தங்கையின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. முதல் வளைவு அதை மறைக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.