வலது பக்கம் காலி

என் நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் ‘கிளட்ச் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இரண்டு பழைய கார்களும் ஒரு கரும்பலகையும்தான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று முழிக்கிற ஆளைப் பார்த்து அவள் “கிளட்ச்” என்று ஒரு அதட்டல் போட்டால், பக்கத்தில் சைக்கிளில் போகிறவன்கூடக் காலை அழுத்துவான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் அந்த முயலை மூன்று காலில் ஓடவிட்டே காட்டுகிற ரகம்.

அப்பேர்ப்பட்டவள், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பாப் ஆல்பம் போடப்போவதாகச் சொன்னாள். பாட்டு எல்லாம் இவளே எழுதியது. மெட்டு, யார் வேண்டுமானாலும் முணுமுணுக்கக்கூடிய லேசான மெட்டு. ஆனால் சத்தம் மட்டும் அவள் அப்பா காலத்து ராக் இசைத்தட்டில் வருகிற அதே சத்தமாக இருக்க வேண்டுமாம். டிரம்ஸ் அவள். கிடார், அவள் கார்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக். பேஸ் கிடார், அவளிடம் ஓட்டக் கற்று லைசென்ஸ் டெஸ்டில் மூன்று முறை கோட்டைவிட்ட கணக்கு வாத்தியார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“பாடப்போறது யாரு?” என்று கேட்டேன்.

“அதுக்கு ஆள் இருக்கு அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் வீட்டுக் கதையைச் சொல்லாவிட்டால் விளங்காது. என் மாமனார் ஒரு ஸ்டீரியோ செட் வைத்திருந்தார். இரண்டு ஸ்பீக்கர். அண்ணனும் தங்கையும் அதற்காக அடித்துக்கொண்டதால், மனிதர் வயரை நீளமாக இழுத்து இடது பெட்டியை மகள் அறையிலும் வலது பெட்டியை மகன் அறையிலும் வைத்துவிட்டார். அவருக்கு உயிரான ராக் இசைத்தட்டு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சில தட்டுகளில் டிரம்ஸ், கிடார் எல்லாவற்றையும் ஒரு பக்கமும் பாடுகிற குரலை மறுபக்கமும் பிரித்துத் தள்ளிவிடுவார்களாம். ஆகவே அந்தத் தட்டில் பாட்டே கிடையாது என்று தங்கை சத்தியம் செய்வாள். அதில் யாரோ ஒருவர் தனியாகப் பாடுகிறார் என்று அண்ணன் அடித்துச் சொல்வார். இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்தபோதுதான் முழுப்பாட்டும் கேட்டதாம். அவள் டிரம்ஸ் பழகியதும் என் வீட்டுக்காரர் பாடத் தொடங்கியதும் அந்தக் கதவு திறந்த புண்ணியம்.

பெரியவர்களான பிறகு ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆல்பம் போட ஒலிப்பதிவுக் கூடமும் பேசியாயிற்று. அன்றைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்க, பாடகரை மட்டும் காணோம். பாடகர் எங்கே இருந்தார் தெரியுமா? என் பிறந்த வீட்டில். என்னைப் பார்த்துப் பேச வந்தவர், என் அப்பா வாயைத் திறந்ததும் மாட்டிக்கொண்டார். என் அப்பா பேச ஆரம்பித்தால் கடிகாரமே அலுத்துப்போகும். கூடம் கைவிட்டுப் போனது, குழுவும் கலைந்தது. கல்யாணம் நடந்தது, அண்ணன் தங்கை பேச்சு நின்றது. மாமனார் காலமான பிறகு வீட்டை இரண்டாகத் தடுத்தபோது, அந்தக் கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஸ்பீக்கர் ஆளுக்கு ஒன்று. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாகிவிட்டதே என்று எனக்கு எத்தனையோ நாள் மனசு அடித்துக்கொண்டிருக்கிறது. அவளோ ஒரு நாளும் என்னிடம் முகம் சுளித்தவள் இல்லை. அவள் கோபம் எல்லாம் அண்ணனோடு சரி.

இவர் அதன் பிறகு பாடவே இல்லை, குளிக்கும்போதுகூட. மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு “இது தெளிவா, இது தெளிவா” என்று பகலெல்லாம் கேட்பதோடு அந்தத் தொண்டையின் வேலை முடிந்தது.

ஒலிப்பதிவுக்கு நானும் ஒரு நாள் கூடப் போனேன். மற்ற இருவரையும் தன்னோடு ஒரே அறையில் நிறுத்தி, டிரம்ஸ் மேல் பழைய போர்வையைப் போர்த்தி, ஒரே மூச்சில் வாசிக்க வைத்தாள். ஒருவர் தப்புவிட்டால் எல்லோரும் முதலிலிருந்து. வாத்தியார் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தார். ஒலிப்பதிவுக்காரருக்குப் பொறுமை போனது.

“அக்கா, அவர் வாசிச்சத நான் கம்ப்யூட்டர்ல நேராக்கிடறேன். பழைய ரெக்கார்டு மாதிரி கீறல் சத்தமும் மேல போட்டுத் தரேன். ஒரு பட்டன்தான்.”

“கீறல் எதுக்கு? எங்கப்பா வாங்கிட்டு வந்த அன்னிக்கு அது புதுசு. ஒரு கீறல் கிடையாது. அந்தச் சத்தம்தான் வேணும். வாத்தியாரே, மறுபடியும்.”

“சரி, எல்லாத்தையும் ஏன் இடது பக்கமே தள்ளச் சொல்றீங்க? ஒத்தக் காதுல மாட்டிட்டுக் கேக்கறவனுக்குப் பாதிதானே கேக்கும்?”

“மீதிய கேக்க இன்னொரு ஆளைக் கூப்பிடட்டும்.”

அன்று வாத்தியார் தப்பில்லாமல் வாசித்து முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. மெக்கானிக் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

நான் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். ஒரு நாள் காலை வண்டியில் ஆல்பத்தைப் போட்டாள். அவள் உட்கார்ந்த இடது பக்கம் டிரம்ஸ் அதிர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் பக்கம் ஒன்றையும் காணோம்.

“இந்தப் பக்க ஸ்பீக்கர் போச்சா?”

“ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் காலியா விட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரருக்கு.”

எனக்குக் கால் எங்கே போனதென்றே தெரியவில்லை. வண்டி குலுங்கி நின்றது.

“கிளட்ச்” என்றாள்.

“வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா என்னம்மா?”

“அன்னிக்கு வாயால கூப்பிட்டுத்தான் வரல. இனிமே கூப்பிட மாட்டேன். இடம் விட்டிருக்கேன், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமையோட ரெக்கார்டிங் முடியுது. வந்தா வரட்டும். வரலன்னா அந்தப் பக்கம் காலியாவே ஊரெல்லாம் போகும். வேற ஒருத்தரையும் பாட விடமாட்டேன்.” அவள் குரல் லேசாக உடைந்தது. உடனே, “கண்ணாடியப் பாத்து எடுங்க அண்ணி, பின்னாடி பஸ்” என்றாள்.

அந்த ஆல்பத்தின் பிரதி ஒன்றை வாங்கிவந்து, சாயங்காலம் இவர் கடையிலிருந்து திரும்பியதும் போட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது அந்தப் பழைய வலது பெட்டிதான். சத்தமே வரவில்லை. இவர் வயரைப் பிடுங்கிச் செருகினார், பெட்டியைத் தட்டினார்.

“செத்துப்போச்சு போல.”

“ஒண்ணும் சாகல. இது உங்க தங்கச்சி ஆல்பம். இந்தப் பக்கத்த உங்களுக்காகக் காலியா விட்டிருக்கா.”

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பழகத் தொடங்கினாள். மாதக்கணக்காக அதே நேரம், அதே சுவரோரம், டிரம்ஸை அடித்துக்கொண்டே பாட்டை வார்த்தை வார்த்தையாகக் கத்துவாள். இவர் பேப்பருக்குப் பின்னால் காலால் தாளம் போடுவதை நான் பார்க்காமலா இருக்கிறேன்? அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் வீட்டு அம்மி இதோ உட்கார்ந்திருந்தது.

“அன்னிக்கு உங்கப்பா ஒண்ணும் என்னைப் புடிச்சு வைக்கல” என்றார் திடீரென்று. “எழுந்து போயிருக்கலாம். உன்னைப் பாத்தப்புறம் எழுந்திரிக்கத் தோணல. அதை அவகிட்ட எப்படிச் சொல்றது?”

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது. சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “சொல்ல வேணாம். பாடுங்க” என்றேன்.

தொண்டையைச் செருமினார். முதல் வரி காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் குரல் ஏறியது. மூன்றாவதில் சுவருக்கு அப்பால் டிரம்ஸ் சட்டென்று நின்றது. இவரும் நிறுத்திவிட்டார்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு குச்சிகள் ஒன்றோடொன்று மோதின. டக், டக், டக், டக். பாட்டைத் தொடங்கும்முன் அவள் எப்போதும் தட்டுகிற நான்கு தட்டு. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் அண்ணன் ஒரு ஜன்னலோரம், தங்கை ஒரு ஜன்னலோரம். பாதி வழியில் இவர் போன் அடித்தது.

“யாருங்க?”

“உங்கப்பா.”

“எடுத்தீங்கன்னா தெரியும்” என்றோம் நானும் என் நாத்தனாரும்.