இடது பக்கத்துக் கைப்பிடி

வலது கை உப்புத்தாளைச் சுவரில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. இடது கை அதன் பின்னாலேயே போய் விரல் நுனியால் சுவரைத் தடவிப் பார்த்தது. எங்காவது மேடு தட்டுப்பட்டால் இடது கை அங்கேயே நின்றுவிடும். வலது கை திரும்பி வரும். சுவர்ப் பள்ளங்களில் பூசிக் காய்ந்த பட்டி மாவாக உதிர்ந்து சுவரிலும் படிகளிலும் முழங்கைகளிலும் படிந்தது.

மாடியில் விசில் ஒரு முறை ஒலித்தது.

"மாஸ்டருக்கு டீ வேணுமாம்" என்றது சமையலறையிலிருந்து ஓர் ஆண் குரல்.

"கேட்டுச்சு. இந்த ஒரு மேடு மட்டும் இருக்கு."

"நீ ஒரு மேடுன்னா டீ ஆறிப் பனிக்கட்டி ஆயிடும். நானே கொண்டுபோறேன்."

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை வீட்டில் அரை மில்லி என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் கணவர், சமையலறைக் குரலுக்குச் சொந்தக்காரர். பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக மாட்டிய சுவர்க்கடிகாரத்தை அவள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அரை மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு" என்றாள். அன்று ஒட்டிய பெயர் போகவே இல்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சேர்ந்தது என்னவோ போன் எடுக்கவும் அலமாரி துடைக்கவும்தான். ஒரு முறை பொருத்துகிறவர் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட, குப்பைக்கூடையில் கிடந்த உடைந்த லென்ஸ்களை எடுத்து, கல்லில் விளிம்பு தேய்த்துப் பழகினாள். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நாற்பது லென்ஸ் பாழானது. நாற்பத்தோராவது, ஃபிரேமுக்குள் 'டக்' என்று உட்கார்ந்தது. பாழானதையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு இன்னும் வைத்திருக்கிறாள்.

வருடக் கடைசியில் கடைக்குப் பத்து நாள் விடுமுறை. அந்தக் குளிரில் வெளியே எங்கேயும் போகத் தோன்றாது. அதனால் வருடத்துக்கு ஒன்று என்று வீட்டில் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஒரு வருடம் காற்று நுழைகிற ஜன்னல் சட்டங்கள். அடுத்த வருடம் சமையலறைத் தட்டுகள். இந்த வருடம் மாடிப்படி.

மாடிப்படிக்குக் காரணம் மாமனார். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் டிரில் மாஸ்டராக இருந்தவர். நான்கு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து போனது. காலும் பேச்சும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்காது. அவருடைய அறையும் குளியலறையும் மாடியில். படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடி உண்டு, இன்னொரு பக்கம் வெறும் சுவர். ஏறும்போது கைப்பிடி இடது கைக்கு வரும்; நன்றாகவே ஏறிவிடுவார். இறங்கும்போது அது வலது கைப் பக்கம் போய்விடும். ஆக, ஏறத் தெரிந்த மனிதருக்கு இறங்க வழியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் மகன் தோளைக் கொடுத்து இறக்கிக் கொண்டுவருவார். "பீரோவ எறக்குற மாதிரி எறக்குறான்" என்று மாஸ்டர் அடுத்த இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். முன்பெல்லாம் காலையில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருவில் போகிறவர்களின் நடையைத் திருத்துவார். நான்கு மாதமாகத் தெரு அதன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்தது.

விடுமுறையின் மூன்றாம் நாள் நாத்தனார் வந்தாள். அப்பாவின் ஒரே மகள். தூங்கும்போதும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறவள். கையில் தன் துணிக்கு ஒரு பெட்டி, அப்பாவின் துணிக்கு ஒரு காலிப் பெட்டி.

"அப்பா, எங்க வீட்ல லிப்ட் இருக்குப்பா."

"ஏறி எங்க போறது? உன் வீட்டு வாசலுக்கா?"

"கிண்டல் வேணாம். இங்க நீங்க விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா எந்திரிப்பேன். அதத்தான் முப்பத்தஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்தேன்."

அவள் அண்ணியிடம் வந்தாள். "அண்ணி, நீங்க என்ன பண்ணினாலும் சரி. நான் கெளம்புறது ஞாயித்துக்கிழமை மத்தியானம். அதுக்குள்ள அப்பா யாரும் பிடிக்காம தானா எறங்கி வாசலுக்குப் போகட்டும். நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்களும் தடுக்கக் கூடாது."

"சரி" என்றாள் அரை மில்லி. நாத்தனாரின் பயத்தில் அவளுக்குக் கோபம் கொள்ள எதுவும் தெரியவில்லை. மாமனார் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்கவும் மாட்டார், போகிறேன் என்றும் சொல்லமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. கூட்டிப்போனால் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விடுவார்.

இறங்கும்போது இடது கைக்கு வருகிற சுவரில் இன்னொரு கைப்பிடி வைக்க, நாத்தனார் வருவதற்கு முன்பே அளவெடுத்தாகிவிட்டது. மாமனாரை மேல்படியில் நிற்கச் சொல்லி, படியின் விளிம்பிலிருந்து மணிக்கட்டு வரை நாடாவைப் பிடித்தாள். முப்பத்தாறு அங்குலம். அதே உயரத்தில் சுவர் நெடுக வரிசையாகத் துளை போட்டு, திருகாணி இறுக்க பிளக் அடித்தாள். பழைய சுவர், துளையைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிட்டது. அதற்குத்தான் பட்டி, அதற்குத்தான் இந்தத் தேய்ப்பு. தேய்த்து முடித்த கையோடு துடைத்துவிடுவதுதான் அவள் வழக்கம். ஆனால் மரக்கடை மத்தியானம் பூட்டிவிடும் என்று கணவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். தூளை அப்படியே விட்டுவிட்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள்.

உருண்டையான நீளக் கம்புகள் இரண்டும் இரும்புத் தாங்கிகளும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். கம்பின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு கணவர் படியில் கால் வைக்கப்போனார்.

"நில்லுங்க!" என்றாள் அவள்.

வெள்ளைத் தூள் படிந்த சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு இடது கை இறங்கி வந்திருந்தது. படிக்குப் படி ஒரு உள்ளங்கைத் தடம்.

நாத்தனார் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். காலையில் அது கீழே மேஜைமேல் இருந்த செய்தித்தாள். அதன் ஓரமெல்லாம் வெள்ளை விரல்ரேகை.

"அப்பா! கீழ போனீங்களா?"

"யாரு சொன்னா?"

"கையக் காட்டுங்க."

மாஸ்டர் வலது கையை நீட்டினார்.

"இன்னொரு கை!"

"விசில் ஊதிப் பாத்தேன். ஒருத்தரும் வரல. பேப்பர் என்ன தானா நடந்தா வரும்?"

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மகள் அழுததும் மாஸ்டர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, தூள் ஒட்டிய கையால் அவள் தலையைத் தடவினார். அவள் தலையிலும் வெள்ளை.

மேலே இது நடக்கும்போது அரை மில்லி ஸ்கேலும் பென்சிலுமாகப் படியில் மண்டியிட்டிருந்தாள். ஒவ்வொரு தடத்தையும் பிளக் இருந்த இடத்தோடு ஒப்பிட்டு அளந்தாள். ஒரு தடமும் பிளக் உயரத்தில் இல்லை. எல்லாம் இரண்டரை அங்குலம் கீழே.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. எந்தக் கற்றுக்குட்டியும் செய்யாத தப்பு. கண்ணாடிக்கு அளவெடுக்க வந்து உட்காருகிற யாரும் தன் சொந்த முகத்தோடு உட்காருவதில்லை. போட்டோ எடுப்பதுபோல முகவாயைத் தூக்கிக்கொள்வார்கள். அந்த முகத்துக்கு அளவெடுத்தால், வீட்டுக்குப் போனபின் படிக்கிற பாகம் கன்னத்தில் கிடக்கும். அதனால் அவள் முதலில் பேச்சுக் கொடுப்பாள். பிள்ளைகள் எப்படி, வீட்டுக்காரர் எப்படி என்று ஆரம்பித்து, அவர்கள் புகார் சொல்லத் தொடங்கித் தலை தன் இடத்துக்கு இறங்கியதும் லென்ஸில் புள்ளி வைப்பாள். கடையில் ஒரு நாளும் இதை மறந்ததில்லை. வீட்டில், டிரில் மாஸ்டரைப் போய் "நில்லுங்க மாமா" என்று சொல்லி அளவெடுத்திருக்கிறாள். அவர் அட்டென்ஷனில் நின்றிருக்கிறார்.

"இறங்குறப்போ மாமா இவ்வளவு குனியுறாரு" என்றாள் கணவரிடம். "துளை அத்தனையும் தப்பு."

கணவர் கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தார். முகத்தில் பண்டிகைக் களை. "எவ்வளவு தப்பு?"

"ரெண்டரை இஞ்ச்."

"அரை மில்லிக்கு ரெண்டரை இஞ்ச்! ஏய் தங்கச்சி, இங்க ஓடி வா, கேட்டியா இத! இருபது வருஷமா காத்திருந்தேன்!"

"சிரிச்சு முடிச்சதும் அந்தப் பட்டி டப்பாவ எடுங்க."

தடங்கள் இன்னும் சில சொல்லின. மேலிருந்து மூன்றாம் படிக்கு நேரே நான்கு விரலும் ஆழமாகப் பதிந்திருந்தன. படிகளை அளந்தாள், மூன்றாவது படி மற்றவற்றைவிட முக்கால் அங்குலம் உயரம் கூடுதல். கட்டிய கொத்தனார் அன்று வேறு ஏதோ நினைப்பில் இருந்திருக்கிறார். ஏழாவது படிக்குக் கீழே படிக்கட்டு திரும்புகிற மூலையில் உள்ளங்கைத் தடமே இல்லை; முழங்கை வரை இழுத்த ஒரு நீளத் தீற்றல். அங்கே அவர் தடுமாறி, கையோடு சுவரில் சாய்ந்திருக்கிறார். எல்லா வீட்டிலும் செய்வதுபோல இரண்டு கம்புகளையும் மூலைக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்துவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அந்தத் தீற்றலைப் பார்த்தபின் அது முடியாது.

தடங்களின்மேல் பென்சிலால் கோடு இழுத்தபிறகுதான் சுவரைத் துடைத்தாள்.

அன்று வியாழன். குளிரில் பட்டி காய ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. வெள்ளிக்கிழமை புதுத் துளைகள். கணவர் டிரில்லிங் மிஷினைப் பிடிக்க, அவள் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் மேல, இல்ல, கீழ" என்றாள்.

"நான் பஸ்ஸ ஸ்டாப்புல நிறுத்தும்போது இப்படியா பாத்து நிறுத்துறேன்?"

"அதான் ஜனங்க ஓடி வந்து ஏறுறாங்க."

மூன்றாம் படிக்கு நேரே கூடுதலாக ஒரு தாங்கி. மூலைக்கு, மிச்சக் கம்பிலிருந்து இரண்டு துண்டு சரிவாக அறுத்து இணைத்து, அரத்தால் ராவி வளைவாக்கினாள். முதல் துண்டு ஒத்து வரவில்லை. இரண்டாவதும் இல்லை. "பரவால்ல, இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றார் கணவர். அவள் மூன்றாவதை அறுத்தாள். அது பொருந்தியபோது இணைப்பில் அவள் நகம் இடறவில்லை.

சனிக்கிழமை காலை நாத்தனார் தானாக வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "சும்மா பாத்துட்டு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். ஏதாவது குடுங்க அண்ணி."

அரை மில்லி மெல்லிய உப்புத்தாளை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். இருவரும் கம்பின் இரண்டு முனையிலிருந்தும் தேய்த்துக்கொண்டே வந்தார்கள்.

"ஒருவேளை அப்பா இங்கயே இருந்தா, ராத்திரி நான் கூப்பிட்டா நீங்க போன எடுப்பீங்களா?"

"நான் எடுக்காட்டி மாமா விசில் அடிப்பாரு. உனக்கு அங்கயே கேக்கும்."

நாத்தனார் நான்கு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். "காலிப் பெட்டியோட திரும்பிப் போனா என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு."

"அதுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கு. பாப்போம்."

ஞாயிறு காலை வெயில் படியில் பாதிவரை வந்திருந்தது. அரை மில்லி கடையில் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியால் கைப்பிடியை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை துடைத்தாள். மாஸ்டர் மேல்படிக்கு வந்து நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. மகன் உதவிக்கு ஒரு படி ஏறினார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். கீழே நாத்தனார் இரண்டு கைகளையும் பாதி நீட்டியபடி, பந்து பிடிக்கிறவள்போல நின்றாள்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். அட்டென்ஷன்.

"மாமா," என்றாள் அரை மில்லி, "எதிர்வீட்டு டெய்லர் இப்பத்தான் போனாரு. ஒரு தோள் மேல, ஒரு தோள் கீழ. தராசு மாதிரி நடக்குறாரு."

"அவனா? அவனுக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்! பாரம் தூக்குற கைய மாத்துடா, மாத்துடான்னு!" மாஸ்டரின் நெஞ்சு இறங்கியது, முதுகு தன் இடத்துக்கு வந்தது, இடது கை போய்க் கம்பைப் பிடித்தது. "காது குடுத்துக் கேட்டாத்தானே! நாலு மாசம் ஆளில்லேன்னதும் ஆட்டம் போடுறான்!"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிவிட்ட முதல் நிமிடத்தில் விரல் மேலே போய் அதைச் சரிசெய்தால், எங்கோ தப்பு இருக்கிறது. கை நகர்ந்தது. மூன்றாம் படியில் இறுகி, தளர்ந்தது. மூலையில் மாஸ்டர் டெய்லரின் பள்ளிக்கூட நாட்களுக்கே போய்விட்டார். "அப்பவே லெப்ட் ரைட் தெரியாது அவனுக்கு!" கை வளைவின்மேல் விடாமல் வழுக்கிப்போய் அடுத்த கம்புக்கு வந்தது. நாத்தனாரின் நீட்டிய கைகள் படிக்குப் படி கீழே இறங்கி, கடைசியில் தாமாகவே கட்டிக்கொண்டன.

கடைசிப் படி முடிந்தது. நாத்தனார் வழியில் இருந்த காலிப் பெட்டியை ஓரமாகத் தள்ளி, வாசல் கதவைத் திறந்துவிட்டாள். மாஸ்டர் தரையில் நின்று, வந்த வழியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"ஒசரம் சரியா இருக்கே. எப்படிப் பிடிச்ச?"

"நீங்கதான் மாமா அளவு குடுத்தீங்க." அவள் மஞ்சள் துணியை நான்காக மடித்து அவருடைய இடது கையில் வைத்தாள். "வாரத்துக்கு ஒரு தடவ இதால தொடைச்சு வச்சுக்கோங்க. இனிமே இது உங்களோடது."