இல்லாத படி

என் அப்பா, நைனா, விழுந்தபோது நானும் பாய் வீட்டம்மாவும் பக்கத்தில் இருந்தோம். என் அம்மா அங்கே இல்லை.

இன்று கல்லூரி நூலகத்தில் பழைய ரோமாபுரித் தரை ஒன்றின் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனேன். கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறச் சாய்சதுரங்கள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பழவேற்காட்டில் வியாபாரி பாய் கட்டிய புது வீட்டுக் கூடத்திலும் இதே தரைதான்.

அவர் மகள் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி விளக்கைக் கூலிக்குத் தூக்கிவந்த நைனா, அந்தக் கூடத்தில் படியேறுவதுபோல் காலைத் தூக்கி வைத்தார். விளக்கு தூள்தூளானது.

“காலங்காத்தாலயே குட்ச்சிட்டு வந்துகீறியா?” என்றார் வீட்டம்மா.

“படி இருந்துச்சும்மா,” என்று நைனா தரையைத் தடவிப் பார்த்தார். எனக்கு வெறும் தரைதான் தெரிந்தது. சாராயத்தைத் தொட்டறியாத மனுஷனை அம்மாகூட நம்பவில்லை.

படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். சாய்சதுரங்கள் படிபடியாக எழுந்து நின்றன.

அன்று விளக்குக்கு ஈடாகக் கறவை மாட்டை விற்றோம். இல்லாத அந்தப் படிக்கு நாங்கள் கொடுத்த விலை எண்பது ரூபாய்.